அஞ்சு மீனும் அஞ்சு காட்டாவும்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த மீனைத் தெரியும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. தலையிலிருந்து வால்வரை நீலக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே வெள்ளியும் பொன்னும். ஒரு நொடி சும்மா நிற்காது. சென்னை கொளத்தூர் கடைகளில் 'ஸீப்ரா' என்று கேட்டால் ஒரு பாலித்தீன் பையில் பத்து மீனைப் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்கள் 'ஸீப்ரா டேனியோ' என்று வாங்கியிருப்பீர்கள். விலை மலிவு, லேசில் சாகாது. முதல் தடவை தொட்டி வைக்கிறவர்களுக்குக் கடைக்காரர் கைகாட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த மீனுக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? நான் பிழைப்புக்காக வந்து குடியிருக்கும் இந்தப் பக்கம்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் நனைக்கிற வங்காளம், பீகார், அசாம், பங்களாதேஷ், நேபாளத்தின் தாழ்வான பகுதிகள்... இதெல்லாம் அதன் தாய்வீடு.

சாந்த்ராகாச்சி என்றால் உங்களில் பலருக்கு ரயில்வே ஸ்டேஷன் பெயராக மட்டும் தெரிந்திருக்கும். ஹூக்ளி ஆற்றுக்கு மேற்கே, ஹௌரா பக்கம் இருக்கிறது. சென்னை ரயில்கள் இதைத் தாண்டித்தான் போகும். ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய ஏரி. இங்கே 'ஜீல்' என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள நீளக் கேமராக்களோடு கூட்டம் நிற்கும். சாக்கடை கலக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது. பறவைக்குக் கேட்க நாதி இருக்கிறது, நல்ல விஷயம்தான்.

ஆனால் நான் எழுத வந்தது ஜீலைப் பற்றி இல்லை. அதைச் சுற்றி, ரயில் பாதையை ஒட்டி, ரோட்டோரமாக, வயல் வரப்போரமாக இருக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பற்றி. வங்காளியில் இதற்கு அழகாக ஒரு பெயர் உண்டு, 'நயன்ஜுலி'. ரோடு போடவும் தண்டவாளத்துக்கு மேடு கட்டவும் பக்கத்திலேயே மண்ணை வெட்டி எடுப்பார்கள் இல்லையா, அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று அல்லி முளைத்துக் கிடக்கும். ஹௌராவிலிருந்து கரக்பூர் போகும் ரயில் பாதை 1900-ல் வந்தது. அப்படி வெட்டிய பள்ளங்களைத்தான் நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போகிறோம். நம்ம ஹீரோ வாழ்கிற இடம் இந்த மாதிரி இடம்தான்.

பக்கத்து வீட்டு தாதாவிடம் (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்படாதீர்கள்!) ஒருநாள் இந்த மீனைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அஞ்சு" என்றார்.

நான் மீனை எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்தது. பிறகுதான் புரிந்தது, பெயரே அஞ்சுதான் :-)

விஞ்ஞானப் பெயர் டானியோ ரெரியோ. இதில் 'டானியோ' லத்தீன் வேர்ச்சொல் இல்லை, வங்காளி. 'தான்' என்றால் நெல். வயல்மீன் என்ற பொருளில் 'தானி' என்று மக்கள் கூப்பிட்டதைத்தான் எடுத்து டானியோ ஆக்கியிருக்கிறார்கள். ஆக்கியவர் பிரான்சிஸ் புக்கானன். பின்னாளில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டர். நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இவரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். திப்பு இறந்த மறுவருஷம், 1800-ல், மெட்ராஸிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் என்று சுற்றி ஊர் ஊராகக் குறிப்பெழுதிய அதே புக்கானன்தான்.

பிறகு வங்காளத்தில் சர்வே செய்துகொண்டே மீன்களையும் பார்த்து எழுதினார். 1814-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். அந்தத் தோட்டம் இங்கே ஹௌராவில் சிப்பூரில்தான் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். பெரிய ஆலமரம் பார்க்கப் போவோமே, அதே தோட்டம். 1815-ல் ஊர் திரும்பிவிட்டார். 1822-ல் கங்கை மீன்கள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. அதுவரை விஞ்ஞானம் அறியாத நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் உண்டு. ரோகு, கட்லா, மோலா, சுனா என்று உள்ளூர்ப் பெயர்களையே அறிவியல் பெயராக வைத்துவிட்டார். யாரோ ஒரு மீனவர் வலையை உதறிச் சொன்ன பெயரைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்க லத்தீன் மாதிரி உச்சரிக்கிறார்கள்.

இதற்கு அப்புறம் அஞ்சு வெளிநாடு போன கதை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்கார மீனாக ஐரோப்பா போனது. அங்கிருந்து அமெரிக்கா. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்று ஒரு விஞ்ஞானி. புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர். சிறுவயதில் குடும்பம் நாஜிகளுக்குப் பயந்து நியூயார்க் வந்து சேர்ந்தது. முதுகெலும்புள்ள பிராணி ஒன்றில் மரபணுக்களை ஆராய எளிய வழி தேடிக்கொண்டிருந்தவர், வளர்ப்பு மீன் கடையில் கிடைத்த இந்த மீனைப் பிடித்துக்கொண்டார். 1981-ல் 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இதன் ஆய்வுக்கூட வாழ்க்கை சூடு பிடித்தது. அகதியாக வந்தவரும் பையில் கட்டி வந்த மீனும் ஓரிகனில் சந்தித்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்களும் வெளியூர்க்காரர்கள், உங்களுக்குப் புரியும்.

ஏன் இந்த மீன்? முட்டை கண்ணாடி மாதிரி. உடம்புக்கு வெளியே வளர்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரே நாளில் இதயம் துடிக்க ஆரம்பிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். ஒரு பெண்மீன் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை போடும். 2013-ல் இதன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் இணை இருக்கிறது என்று தெரிந்தது. இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் மறுபடி வளர்த்துக்கொள்ளும் என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். ஹார்ட் அட்டாக் வந்த மனிதனால் முடியாத காரியம். இதை எப்படிச் செய்கிறது என்றுதான் உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே எங்காவது ஓர் அறையில் வரிசை வரிசையாகத் தொட்டி வைத்து இந்த மீனை வளர்த்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நம்ம ஆட்களுக்குப் பிடித்த ஒரு விஷயமும் இதில் உண்டு. கோடுகள் வெளிறிப்போன 'கோல்டன்' என்று ஒரு வகை ஸீப்ரா இருக்கிறது. அது ஏன் வெளிறியது என்று பென்சில்வேனியாவில் கீத் செங் என்பவருடைய குழு தோண்டிக்கொண்டே போக, 2005-ல் ஒரு மரபணு கிடைத்தது. பார்த்தால், ஐரோப்பியர்களின் வெளுத்த தோலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அதே மரபணுவில் நடந்த ஒரு சின்ன மாற்றம்! இந்த மாற்றம் தெற்காசிய மக்களிடமும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் மூலம் ஒன்றுதான் என்று 2013-ல் வெளிவந்த ஆய்வில் ஹைதராபாத் சிசிஎம்பி-யின் தங்கராஜ் போன்றவர்கள் காட்டினார்கள். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிறவர்கள் அஞ்சு மீனுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

சரி, வெளிநாட்டில் இவ்வளவு பேரும் புகழும் வாங்கிய மீன் எதையாவது இழந்ததா? இழந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆய்வுக்கூடங்களில் ரொம்ப நாளாக ஒரு குழப்பம். ஒரு ஜோடிக்குப் பிறக்கும் குஞ்சுகளில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கணக்கே நிற்காது. மனிதனுக்கு எக்ஸ், ஒய் இருக்கிற மாதிரி இதற்குப் பால் குரோமோசோமே இல்லையோ என்று நினைத்திருந்தார்கள். 2014-ல் ஓரிகனைச் சேர்ந்த குழு ஒன்று விடை சொன்னது. உலகம் முழுக்க அதிகம் பயன்படும் இரண்டு வம்சங்களில் அந்த அமைப்பு காணவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்து வளர்ந்து தொலைந்துபோயிருக்கிறது. ஆனால் காட்டு மீனுக்கு நெருக்கமான வம்சங்களில் நாலாவது குரோமோசோமில் பத்திரமாக இருக்கிறது!

அந்த நெருக்கமான வம்சங்கள் எவை தெரியுமா? ஒன்றின் பெயர் நதியா. கொல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் நதியா மாவட்டத்தில் பிடித்தது. இன்னொன்று கூச் பிஹார். மூன்றாவதன் பெயர் 'விக்', விரித்துச் சொன்னால் 'வைல்ட் இண்டியா கொல்கத்தா'. கொல்கத்தா பக்கம் பிடித்த மீன்களிலிருந்து உருவாக்கி 1997-ல் ஜெர்மனியில் அறிமுகப்படுத்தியது.

அதாவது, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் அடிப்படை விஷயமே பெருமைக்குரிய ஆய்வுக்கூட மீனிடம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்க்க இந்தப் பக்கத்துப் பள்ளங்களுக்குத்தான் வர வேண்டியிருந்தது. இதுமாதிரி இன்னும் எவ்வளவு இங்கே கிடக்கிறதோ, யார் கண்டது?

சரி, இங்கே அது எப்படித்தான் வாழ்கிறது?

கோடிக்கணக்கில் தொட்டியில் வளர்த்தாலும், சொந்த ஊரில் இது என்ன செய்கிறது என்று ரொம்ப நாள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2000-க்குப் பிறகுதான் ஒழுங்காக இறங்கிப் பார்த்தார்கள். அதில் நமக்குப் பெருமையான ஒரு பெயர் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது. அங்கிருந்த பேராசிரியர் எம். அருணாசலமும் அவருடைய குழுவினரும் இந்தியாவில் இந்த மீன் இயற்கையில் வாழும் விதத்தைப் பற்றி 2013-ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். பொதிகை மலை அடிவாரத்துக்காரர்கள் கங்கைச் சமவெளி மீனைத் தேடி வந்திருக்கிறார்கள்!

ஓடையிலும் இருக்கும், தேங்கிய தண்ணீரிலும் இருக்கும். ஆனால் ரொம்பப் பிடித்த இடம் வயலோரம். ஆழமில்லாத, மெதுவாக நகரும் அல்லது நகராத தண்ணீர், அடியில் வண்டல், ஓரத்தில் புல். மழைக்காலத்தில் வாய்க்கால் பொங்கி வயலோடு சேர்ந்துகொள்ளும்போது இதுவும் கூடவே வயலுக்குள் போகும். விடியற்காலையில் முட்டையிடும். முட்டை ஒட்டாது, தரையில் சிதறிக் கிடக்கும். காவல் எல்லாம் கிடையாது, தானே தின்றாலும் தின்றுவிடும். கொசுப்புழு, சின்னப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத நீருயிர்கள்தான் சாப்பாடு. விரால், கெளுத்தி, மீன்கொத்தி, மடையான் எல்லாவற்றுக்கும் இதுதான் சாப்பாடு. தொட்டியில் மூன்று வருஷம், அதற்கு மேலும் இருக்கும் மீன், வயலில் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஒரு மழைக்காலம் தவறினால் அந்தத் தலைமுறைக் கணக்கே தவறிவிடும்.

ஆம்தா பக்கம் தாதாவின் ஊருக்கு ஆகஸ்ட் மாதம் போயிருந்தோம். நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாயில், கணுக்கால் ஆழத்தில், கூட்டமாக நின்றிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கீற்று. பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் ஒரு மின்னல். எங்க தங்கமணிக்கு மதுரை. பார்த்த உடனே, "அயிரை மாதிரியே வயல்லயே கிடக்குதே" என்றாள். அயிரையும் அப்படித்தானே, வயலும் வாய்க்காலும் இருந்தால்தான் அது. ஒரே வித்தியாசம், அயிரைக்குக் குழம்பு இருக்கிறது, அதனால் மதிப்பு இருக்கிறது. அஞ்சுவைத் தனியாக யாரும் தேடி வாங்குவதில்லை. மற்ற பொடி மீனோடு வலையில் வந்தால் உண்டு.

இப்போது அஞ்சு காட்டா விஷயம்.

காட்டா என்பது இங்கே நில அளவு. ஒரு காட்டா 720 சதுர அடி. ஐந்து காட்டா 3600 சதுர அடி, நம்மூர்க் கணக்கில் சரியாக ஒன்றரை கிரவுண்டு. மேற்கு வங்காளத்தில் குளங்களைத் தூர்க்கக் கூடாது என்று உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். இப்படி ஒன்று எல்லா ஊரிலும் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து காட்டா இருக்க வேண்டும், வருஷத்தில் ஆறு மாதமாவது தண்ணீர் நிற்க வேண்டும்.

அஞ்சு மீன் முட்டையிடப் போகும் இடம் எத்தனை காட்டா? எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும்? சட்டம் எழுதியவர்கள் மனதில் ரோகு, கட்லா வளர்க்கும் குளம் இருந்திருக்கும். சுண்டுவிரல் மீனுக்கு யார் அளவு எடுத்தார்கள்?

இது எங்கள் வாசலுக்கே வந்தது. குடியிருப்பின் பின்பக்கம் பழைய நயன்ஜுலித் துண்டு ஒன்று உண்டு. அதில் கோடு போட்ட மீன் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வால் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கோடு தொடர்ந்து போனால் அது அஞ்சு. போன வருஷம் அதைத் தூர்த்துக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. காரை விடுங்கள், இன்னொரு காரணத்துக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது. அந்த மழைக்காலத்தில் மூன்றாவது மாடிக் குழந்தைக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரி, பிளேட்லெட் இறங்கி எல்லோரும் பயந்துபோயிருந்தோம். அந்தக் குழந்தையின் அம்மா எழுந்து, "மீனா, பிள்ளையா?" என்று கேட்டால் யாரால் பேச முடியும்?

நான் சொன்னது இவ்வளவுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றிச் சின்னப் பாத்திரங்களில் நிற்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். மீன் இருக்கும் பள்ளத்தில் கொசுப்புழு தப்பிப்பது கஷ்டம். வாருங்கள், மொட்டைமாடியைப் பார்ப்போம். நாலு பேர் ஏறினோம். பூந்தொட்டித் தட்டு, பெயின்ட் வாளி, ஒரு பழைய டயர். எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. அந்த அம்மாவே டார்ச் அடித்துப் பார்த்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் கவிழ்த்துக் காலி செய்தோம்.

மறுநாள் டேப் பிடித்துப் பள்ளத்தையும் அளந்தேன். 62 அடிக்கு 30 அடி. மூன்று காட்டாகூடத் தேறவில்லை. அந்தச் சட்டத்தைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது.

கடைசியில் காப்பாற்றியது மீனும் இல்லை, நானும் இல்லை. அடுத்த கூட்டத்தில் தாதா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதையும் மூடிட்டா ஜூலை மாசத் தண்ணி எங்கே போகும்? உங்க கிரவுண்ட் ஃப்ளோருக்கா?" கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தூர்த்து நாலு கார் நிற்க இடம் செய்தார்கள். மீதி அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை பிளாஸ்டிக்கை அள்ள இரண்டு பேர் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த அம்மா வீட்டு முறையும் அதில் உண்டு.

ஸீப்ரா மீன் உலகத்திலிருந்து அழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கொளத்தூரிலும் கலிஃபோர்னியாவிலும் அது நன்றாகவே இருக்கும். அழியக்கூடியது அதன் ஊர்தான். கேமராக்காரர்கள் வராத, வழக்கு போட ஆளில்லாத, சட்டத்தின் அளவுக்குள் வராத இரண்டு மூன்று காட்டாத் தண்ணீர். அது போனால் தொட்டி மீன் தொலைத்ததைத் தேடி வர ஓர் இடம் இருக்காது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். கண்மாய்க்கும் ஏரிக்கும் கணக்கு இருக்கிறது, பட்டா, வரைபடம் இருக்கிறது. மடைக்குக் கீழே வயலுக்குப் போகும் அந்தச் சின்ன வாய்க்காலுக்கு என்ன இருக்கிறது? அடுத்த லீவில் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். என்ன மீன் இருக்கிறது, அதை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கொசுறு: இந்த வருஷம் மார்ச்சில் எங்கள் பள்ளம் வற்றி முழங்கால் அகலக் குட்டையாகிவிட்டது. எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஜூன் கடைசியில் இரண்டு மழை பெய்த பிறகு போய்ப் பார்த்தேன். புல் ஓரமாக அரை விரல் நீளத்தில் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் நிற்கவில்லை, ஓடிவிட்டன.